எழுத்துக்கும் படத்துக்கும் ஒரே முனை

அம்மா இறங்கிப் போன படிகளில்
இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது
அவள் மூச்சு

தோழி எழுதிய பதினொரு வரிக் கவிதையின் கடைசி மூன்று வரிகள் இவை. இதை எட்டுப் பக்கக் காமிக்ஸாக வரைந்து தருகிறேன் என்று அவளிடம் சொல்லி நாலு மாதம் ஆகிறது. சென்ற வாரம் முடித்துவிட்டேன். நடுநடுவே ஐந்து தனித்தாள் கவிதைப் படங்களும் வரைந்தேன். அத்தனையையும் வரைந்தது ஒரே பேனா, பென்டெல் பாக்கெட் பிரஷ் பேனா. மூன்றாம் பக்கம் வரையும்போதே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஒரு முழு வேலையை இதோடு முடித்துப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று பொறுத்திருந்தேன்.

பார்த்தால் சாதாரண மைப்பேனா மாதிரிதான் இருக்கும். கறுப்பு உடம்பு, மூடி, உள்ளே கார்ட்ரிட்ஜ். மூடியைத் திறந்தால் நிப் இருக்கவேண்டிய இடத்தில் நைலான் இழைகளால் ஆன தூரிகை முனை. பிரஷ் பேனா என்ற பெயரில் விற்பவற்றில் பாதிக்கு மேல் ஸ்கெட்ச் பேனா போல மெத்தென்ற ஒற்றை முனை கொண்டவை. அவை வளைந்து கொடுக்கும், ஆனால் விரியாது. இதில் தனித்தனி இழைகள் உண்டு. நுனியால் தொட்டால் தலைமுடி அளவுக்குக் கோடு, அழுத்தினால் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம், மை குறைந்த நேரத்தில் சரித்து இழுத்தால் இழை பிரிந்து சொரசொரவென்று ஒரு தடம். இந்தச் சொரசொரப்பை உலர்தூரிகை என்போம். இது வருமா வராதா என்பதுதான் ஒரு பிரஷ் பேனாவுக்கு நான் வைக்கிற முதல் பரீட்சை. இதில் வருகிறது.

பிரஷ் பேனா ஜப்பானில் பிறந்தது. குரேடாகே நிறுவனம் 1973இல் முதலில் கொண்டுவந்தது, சில ஆண்டுகளில் பென்டெலும் இறங்கியது. மைக்கட்டியை நீரில் உரைக்காமல், தூரிகை கழுவாமல், நினைத்த நேரத்தில் தூரிகையால் எழுதவேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதாவது இது படம் வரைவதற்கென்று பிறந்த கருவியல்ல, எழுதுவதற்குப் பிறந்தது. படக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாறு எனக்கு வெறும் தகவலாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தக் கவிதையை வேறு மாதிரிதான் தொடங்கினேன். 0.3 மி.மீ. பேனாவால் படம், அதன் மேல் கணினியில் எழுத்துரு. மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து தோழிக்கு அனுப்பினேன். அவள் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் போட்டாள்: "படம் நல்லா இருக்கு. ஆனா என் கவிதைய அது மேல ஒட்டின மாதிரி இருக்கு." எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டாள்! அந்தப் பக்கத்தில் படிக்கட்டின் கோடு என் கை போட்டது, 'அம்மா' என்ற சொல் எழுத்துரு செய்த யாரோ ஒருவருடைய கை போட்டது. ஒரே தாளில் இரண்டு பேர். கவிதை காமிக்ஸில் இது பெரிய பள்ளம். கதை காமிக்ஸில் வாசகர் கதையின் வேகத்தில் இதைத் தாண்டிவிடுவார். கவிதையில் ஓடுவதற்குக் கதை இல்லை. சொல்லையும் கோட்டையும் நின்று பார்ப்பார், பார்த்தால் ஒட்டுத் தெரியும்.

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1789இல் தன் கவிதைகளை அச்சிட்ட முறை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செப்புத்தகட்டில் அமிலம் அரிக்காத திரவத்தைத் தொட்டு எழுத்தையும் படத்தையும் சேர்த்தே போட்டார். அச்சில் நேராக விழவேண்டும் என்பதற்காகக் கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்துகளைத் திருப்பி எழுதினார். பிறகு அமிலத்தில் போட்டுச் சுற்றியுள்ள செம்பை அரிக்கவிட்டால் எழுத்தும் கொடியும் மேடாக நிற்கும். அந்தப் பக்கங்களில் எழுத்தின் வால் எங்கே முடிகிறது, கொடியின் தளிர் எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கை, ஒரே கருவி, ஒரே பரப்பு. எனக்குத் தகடும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். ஒரே முனை போதும் என்று முடிவு செய்து அந்த மாதிரிப் பக்கத்தைத் தூக்கிப்போட்டேன்.

தூரிகையால் தமிழ் எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எதிர்கொள்ளாமல் இந்தப் பேனாவைப் பற்றித் தமிழில் எழுதுவதில் பொருளில்லை. நம் எழுத்து எழுத்தாணியால் வளர்ந்த எழுத்து. ஓலையில் எழுத்தாணி கீறும் கோட்டுக்குத் தடிமன், மெலிவு கிடையாது, எல்லா இடத்திலும் ஒரே அகலம். புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதிய ஏடுகள் ஏராளம். ஆக, எந்த இடத்தில் கோடு தடிக்கவேண்டும், எங்கே மெலியவேண்டும் என்று நமக்கு நெடுநாள் மரபு ஒன்று கையில் இல்லை. பட்டை நிப்பால் எழுதிப் பழகிய மொழிகளுக்கு அது கூடவே வளர்ந்திருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்துக்குத் தூரிகைதான் தாய்வீடு. நாம் தூரிகையை எடுத்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் அதை நாமே தேடவேண்டும்.

முதல் பத்து நாள் படமே வரையவில்லை. கவிதையில் வருகிற எழுத்துகளை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினேன். இறங்கும் கோட்டில் அழுத்தம், ஏறும் கோட்டில் மெலிவு என்று பொதுவிதி வைத்துப் பார்த்தேன். 'ப', 'ட' இரண்டும் உடனே நின்றன. 'அ' சண்டை போட்டது. தொடக்கச் சுழியில் அழுத்தினால் உள்வெளி அடைத்துப்போய் மைக்கறை போல ஆகிவிடும். சுழியை நுனியால் மட்டும் போட்டு, அடிவளைவில் எடை சேர்த்து, வலப்பக்கத்து நேர்கோட்டில் முழுதாக இறக்கினால் எழுத்து எழுந்து நிற்கிறது. 'ண', 'ற' போன்ற எழுத்துகளில் எல்லா வளைவுக்கும் ஒரே எடை கொடுத்தால் வேலிக்கம்பிகள் மாதிரி ஆகிவிடும். ஏதாவது ஒரு வளைவை முதன்மையாக வைத்து மற்றதை ஒடுக்கவேண்டும். எதை முதன்மையாக வைப்பது என்பது அந்தச் சொல்லில் அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்தது.

புள்ளியைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்றப் பேனாக்களில் புள்ளி என்பது ஒரு வட்டம், அவ்வளவுதான். இந்த முனையில் புள்ளி என்பது தொட்டு, அமுக்கி, எடுப்பது. எடுக்கிற திசையில் மெல்லிய வால் விழும். வாலை விடவேண்டுமா, முனையை நேரே தூக்கி வட்டமாக்க வேண்டுமா என்று ஒவ்வொரு மெய்க்கும் தீர்மானிக்கலாம். 'மூச்சு' என்ற சொல்லில் ஒரே ஒரு புள்ளி இருக்கிறது. எட்டாம் பக்கத்தில் கடைசியாக நான் தாளைத் தொட்டது அந்தப் புள்ளிக்காக.

இனி அந்தப் பக்கங்கள். கவிதையில் 'அம்மா' என்ற சொல் உண்டு, ஆனால் படங்களில் அம்மா வரவே மாட்டார். படிக்கட்டு, கைப்பிடி, சுவரில் கை பட்டுப் பட்டு மங்கிய இடம், இவைதான் வரும். முதல் பக்கத்தின் மேல் இடது மூலையில் கைப்பிடியின் கோடு தொடங்குகிறது. அது கட்டங்களின் சுவரை மதிக்காமல், ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததுக்கும் இறங்கிக்கொண்டே போகிறது. மரக் கைப்பிடியின் கீழ்முனை சுருண்டு முடிவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பக்கத்தில் அந்தச் சுருள்தான் 'மூ' என்ற எழுத்தின் கீழ்ச்சுழி. கைப்பிடி இறங்கி வந்து எழுத்தாகிறது. இதை இரண்டு கருவியால் செய்யவே முடியாது. ஒரே முனை, ஒரே மை, ஒரே இழுப்பு. அழுத்தம் சரியாக அமைய நாற்பது தடவைக்கு மேல் பழகினேன். நல்ல தாளில் மூன்றாம் தடவை அமைந்தது. கைப்பிடி முழு எடையோடு வந்து, சுழியில் மெல்ல மெல்ல இளைத்து, இழை பிரிந்து சொரசொரப்பாகி, ஒன்றுமில்லாமல் போகிறது. ஏறிக் களைத்தவரின் மூச்சு அப்படித்தான் முடியும்.

இந்த நாலு மாதமும் இரவில் ஒரு மணி நேரம் காமிக்ஸ் வாசிப்பும் நடந்தது. வாசிப்பு என்றால் பக்கத்தைப் புரட்டுவது மட்டுமல்ல, ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மேலே டிரேசிங் தாளைப் போட்டு இதே பேனாவால் கோட்டைப் பின்தொடர்வேன். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன் தன் தினசரிப் படப்பட்டைகளுக்கு மெல்லிய சேபிள் முடித் தூரிகையால்தான் மையிட்டார். அவர் மரம் வரைந்திருக்கிற இடத்தில் பின்தொடர்ந்து பாருங்கள், கையில் தெரியும். அடிமரம் ஒரே அழுத்தம், கிளை பிரிகிற இடத்தில் ஒரு நொடி நிதானம், பிறகு விடுதலை. கண்ணால் நூறு தடவை பார்த்தும் தெரியாத நிதானம் அது. டின்டின் வரைந்த எர்ஜே இதற்கு நேர் எதிர். எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், நிழலுக்குக் கீறல் கிடையாது. அவருடைய கட்டங்களை இந்தப் பேனாவால் பின்தொடர முயன்றால் முனை அடங்காது, துடிக்கும். அது பேனாவின் குறையல்ல. தெளிவான ஒற்றைக்கோடு உங்கள் வழி என்றால் இந்தப் பேனா உங்களுக்கு வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான அடையாளம்.

காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூலில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறுவதை ஆறு வகையாகப் பிரிக்கிறார். அதில் ஒன்றில் காலம் நகராது, கண் மட்டும் ஓர் இடத்தின் பல முகங்களில் அலையும். ஜப்பானியக் காமிக்ஸில் இது கூடுதலாக வரும் என்கிறார். கவிதை காமிக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான வகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் முழுக்க இப்படித்தான் கட்டினேன். படி, தேய்ந்த விளிம்பு, சாளர வெளிச்சம், கைப்பிடியின் ஆணி. நடப்பது ஒன்றுமில்லை.

மாதம் ஒருமுறை கூடிக் காமிக்ஸ் வாசிக்கிற சின்னக் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. முடித்த பக்கங்களைச் சுவரில் புரொஜெக்டரில் காட்டி, கவிதையை நான் சத்தமாக வாசித்தேன். பக்கத்தைத் தனியாக வாசிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! நான் ஒரு வரியைத் தொடங்குவதற்குள் எல்லோரும் கண்ணால் அதை முடித்துவிட்டார்கள். குரல் பின்னால் நொண்டியது. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் அப்படி ஆகவில்லை. அங்கே ஒரு வரியை மூன்று கட்டத்துக்குப் பிரித்து, ஒரு சொல்லை மட்டும் உலர்தூரிகையில் மங்கலாக எழுதியிருந்தேன். மங்கலான எழுத்தைக் கண் உடனே விழுங்கிவிட முடியாமல் நின்றது, குரலும் கண்ணும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. அன்றிரவே இரண்டாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் திரும்ப வரையத் தொடங்கினேன். எழுத்துரு போட்டிருந்தால் சொல்லின் வேகத்தை இப்படிச் சொல்லுக்குச் சொல் மாற்ற வழியே இருந்திருக்காது.

இனி கைவேலைக்காரர்கள் கேட்கிற விஷயங்கள்.

மை நிறமி மை. காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் கரையாது. அதனால் கோட்டின் மேல் நீர்வண்ணம் பூசலாம். தனித்தாள் படங்களில் மூன்றுக்கு இதே கோட்டின் மேல் சாம்பல் நிறம் பூசினேன், ஒரு கோடும் கலங்கவில்லை. ஆனால் 'காய்ந்துவிட்டால்' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். வழுவழுப்பான தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், கறுப்பு நிரப்பிய இடம் காய நேரமெடுக்கும். ஆறாம் பக்கத்தில் பாதி காய்ந்த நிழலின் மேல் உள்ளங்கை பட்டு, இரண்டு நாள் வேலை ஒரு நொடியில் போனது. அழுதுவிட்டேன், உண்மை. அதற்குப் பிறகு கைக்கடியில் எப்போதும் ஒரு வெற்றுத்தாள் இருக்கிறது, கறுப்பு நிரப்புகிற வேலை எல்லாம் நாளின் கடைசியில்.

தாளைப் பொறுத்தவரை மூன்று வகை போட்டுப் பார்த்தேன். வழுவழுப்பான பிரிஸ்டல் தாளில் எழுத்து கூர்மையாக வருகிறது, ஆனால் உலர்தூரிகை வழுக்கிப்போகிறது. கரடான நீர்வண்ணத் தாளில் உலர்தூரிகை அற்புதம், சின்ன எழுத்து பிசிறடிக்கிறது. சூட்டில் அழுத்தி எடுத்த 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாள் இரண்டுக்கும் நடுவில் நின்றது. எட்டுப் பக்கமும் அதில்தான்.

ஏ4 அளவில் வரைந்து ஏ5இல் அச்சிட்டேன். அப்படியானால் எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கும். இந்த முனையால் 7 மி.மீ. உயரத்துக்குக் கீழே தமிழ் எழுத்து எழுத எனக்கு வரவில்லை, கொம்பும் சுழியும் அடைத்துக்கொள்கின்றன. நான் 9 மி.மீ. வைத்தேன், அச்சில் ஆறரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது, வாசிக்கச் சுகமாக இருக்கிறது. பேச்சுக்குமிழ் நிறைய வரும் கதைக்கு, அதுவும் நம்முடைய நீண்ட நீண்ட சொற்களுக்கு, இந்த ஒரு முனை போதாது. பென்டெல் இதையே நுண்முனை, நடுமுனை என்று இரண்டாகத் தந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஸ்கேன் செய்யும்போது 600 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறைக்காதீர்கள். முதலில் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பக்கமாகக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நேராகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் உலர்தூரிகையின் நுண்துகள்கள் முழுக்கக் கறுத்துவிடும், இல்லையென்றால் காணாமல் போகும். எதற்காக இந்தப் பேனாவை வாங்கினோமோ அதுவே போய்விடும். அச்சுக்கு மூன்று ஏ4 தாள், நடுவில் மடித்து இரண்டு பின். வெளித்தாள் அட்டை, உள்ளே எட்டுப் பக்கம்.

நிரப்புமுறை பற்றி ஒரு குறை உண்டு. இதற்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும். எட்டுப் பக்கத்துக்கும் பழகியதற்கும் சேர்த்து ஐந்து கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது. காலியானதில் சிலர் வெளிமையை ஊசியால் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்வதென்றால் ஷெல்லாக் எனும் அரக்கு கலந்த இந்தியன் இங்க் மட்டும் வேண்டாம், காய்ந்து இறுகினால் முனை திரும்ப உயிர் பெறாது. நீளமான கோட்டை வேகமாக இழுத்தால் மை பின்தங்கும். அதை நான் உலர்தூரிகைக்காகவே பயன்படுத்திக்கொள்கிறேன், ஆனால் முழுக்கறுப்புக் கோடுதான் வேண்டும் என்பவர்கள் நிதானமாக இழுக்கப் பழகவேண்டும். புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டவுடன் மை வரவில்லை என்று பதறவேண்டாம், நுனி கீழே பார்க்கப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் இறங்கிவிடும்.

புத்தகத்தைத் தோழியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கைப்பிடிக் கோட்டின் மேல் விரலை வைத்து, விரலை எடுக்காமலே பக்கம் பக்கமாகப் போனாள். கடைசிப் பக்கத்தில் 'மூ'வின் சுழியில் விரல் இரண்டு தடவை சுற்றியது. "இத வரைஞ்சியா, எழுதினியா?" என்று கேட்டாள்.

முனை இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. நாலு மாதத்தில் ஒரே ஓர் இழை வெளியே நீட்டியது, சின்னக் கத்தரியால் அடியோடு வெட்டிவிட்டேன். மூடும்போது மட்டும் கவனம் வேண்டும். இழைகளைத் தாளில் ஒரு தடவை உருட்டிக் கூராக்கி, நுனி மேலே பார்க்கப் பிடித்து, பிறகு மூடியைச் செருகுங்கள். அவசரத்தில் சாய்வாகச் செருகினால் ஓர் இழை மூடியின் விளிம்பில் மாட்டி மடங்கிவிடும், மடங்கிய இழை நிமிராது.

வாங்குகிறவர்கள் முதல் வாரம் படம் வரையவேண்டாம். பிடித்த கவிதை ஒன்றை எடுத்து, அதன் எழுத்துகளை மட்டும் எழுதுங்கள், பெரிதாக, ஒரு பக்கத்துக்கு ஒரே எழுத்து. 'அ'வில் தொடங்குங்கள்.